சிக்னாலிஸ்: ஆறு இடம், ஒரு ரேடியோ, தீராத பதற்றம்

ஹாரர் கேம் என்றதும் நம் ஆட்கள் பலருக்கு நினைவு வருவது ஒன்றுதான். இருட்டில் நடந்துகொண்டே இருப்போம், திடீரென்று ஒரு முகம் திரையில் பாய்ந்து கத்தும், ஹெட்போனைக் கழற்றி வீசுவோம். யூட்யூபில் தமிழில் விளையாடிக் காட்டுகிறவர்களும் அந்த வகையைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். அலறுகிறவரைப் பார்ப்பதில் ஒரு ஜாலி இருக்கிறது, மறுக்கவில்லை. 'சிக்னாலிஸ்' வேறு ரகம். இதில் என் கை வியர்த்த இடங்களைக் கணக்கெடுத்தால், பாதிக்கு மேல் ஒரு சாமான் பெட்டியின் முன்னால் நின்ற நேரங்களாகத்தான் இருக்கும். துப்பாக்கியை எடுப்பதா, டார்ச்சை எடுப்பதா, மருந்தை இங்கேயே வைத்துவிட்டுப் போனால் உயிரோடு திரும்பி வர முடியுமா என்று யோசித்துக்கொண்டே நின்ற நேரங்கள்.

அதனால் இந்த விமர்சனத்தில் பேய் பிசாசைப் பற்றிக் கொஞ்சமும், பையைப் பற்றி நிறையவும் இருக்கும்.

முதலில் விவரம். 2022 அக்டோபர் 27 அன்று வெளியானது. உருவாக்கியது ரோஸ்-எஞ்சின் என்ற ஜெர்மன் குழு. குழு என்றால் ஹாம்பர்க் நகரத்தைச் சேர்ந்த இரண்டே பேர், யூரி ஸ்டெர்னும் பார்பரா விட்மனும். பல ஆண்டுகள் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். ஹம்பிள் கேம்ஸ் வெளியிட்டது. விண்டோஸ் கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ சுவிட்ச் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. அமெரிக்க விலை 19.99 டாலர். என்னிடம் இருப்பது தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப். அதில் விசிறி கொஞ்சம் இரைந்ததே தவிர, எங்கும் திணறவில்லை.

கதை வெகு தொலைவில், வேறொரு சூரியக் குடும்பத்தில் நடக்கிறது. யூசான் என்ற நாடு அங்கே சர்வாதிகாரம் நடத்துகிறது. எங்கு பார்த்தாலும் சுவரொட்டி, எதற்கெடுத்தாலும் படிவம், யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கலாம் என்ற நிலை. பழைய கிழக்கு ஜெர்மனியின் வாடை பலமாக அடிக்கும். மனிதர்களுக்கு அங்கே கெஷ்டால்ட் என்று பெயர். மனிதர்களின் மூளைப் பதிவைக் கொண்டு தயாரித்த செயற்கை ஆட்களுக்கு ரெப்ளிகா என்று பெயர். ஒவ்வொரு ரெப்ளிகா மாடலுக்கும் ஜெர்மன் மொழியில் ஒரு பறவையின் பெயர்: ஆட்லர் நிர்வாகம், கோலிப்ரி மனோசக்தி வேலைகள், ஷ்டோர்ச் காவல், ஆரா பராமரிப்பு. நாம் விளையாடுவது எல்ஸ்டர் என்ற தொழில்நுட்பப் பணியாளராக. மாடல் எண் எல்எஸ்டிஆர்-512. பென்ரோஸ்-512 என்ற சிறிய விண்கலத்தில் அவள் விழிக்கிறாள். கலம் விழுந்து கிடக்கிறது. வெளியே பனி. கூடவே இருந்த பெண்ணைக் காணவில்லை. அந்தப் பெண்ணைத் தேடிப் போகிறவள், லெங் என்ற உறைந்த கிரகத்தில் ஷெர்பின்ஸ்கி எஸ்-23 என்ற சுரங்க முகாமுக்குள் வந்து சேர்கிறாள். அங்கே ஏதோ நோய் பரவி, ரெப்ளிகாக்கள் உருக்குலைந்து திரிகிறார்கள். இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன்.

இனி பைக்கு வருவோம். எல்ஸ்டரால் ஒரே நேரத்தில் ஆறு பொருள் மட்டுமே வைத்திருக்க முடியும். துப்பாக்கி ஓர் இடம். அதன் தோட்டா ஓர் இடம். மருந்து ஓர் இடம். போயிற்றா, பாதி காலி. டார்ச் இருந்தால்தான் இருட்டறையில் கீழே கிடப்பது தெரியும், நான் வைத்திருந்த அமைப்பில் அதற்கும் ஓர் இடம். மீதி இரண்டு. அந்த இரண்டில்தான் சாவி, அட்டை, ஃபியூஸ், உடைந்த பொருளின் பாதி, வழியில் கிடைக்கும் புதுத் தோட்டா எல்லாம். இரண்டு சாவி எடுத்த பிறகு மூன்றாவதாக ஒன்று மேசை மேல் மின்னும். எடுக்க முடியாது. பத்திரமான அறையில் இருக்கும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் வழியில், வரும்போது சுட்டுச் சாய்த்த உருவம் அதே இடத்தில் கிடக்கிறதா, எழுந்துவிட்டதா?

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். மேல்தளத்தில் இருக்கும் பேனலைப் பார்க்க ஏணியில் ஏறும்போது, இடுப்புப் பையில் எதைப் போடுவது என்ற கணக்கு எங்கள் எல்லோருக்கும் அத்துபடி. டெஸ்டர், கட்டிங் பிளேயர், டேப், ஒரே ஒரு ஸ்பேனர். பன்னிரண்டா பதின்மூன்றா? தப்பான ஸ்பேனரோடு ஏறினால் இறங்கித்தான் ஆக வேண்டும். சிக்னாலிஸ் அந்த எரிச்சலை அப்படியே எடுத்து, ஏணிக்குக் கீழே ஒரு பிணத்தையும் போட்டு வைத்திருக்கிறது. இதைச் செய்தவர்கள் ஏதாவது ஒரு காலத்தில் கையில் சாமான் தூக்கி வேலை பார்த்திருப்பார்கள் என்று என் தங்கையிடம் அடித்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

இந்த ஆறு இடக் கணக்கு புதிதல்ல. 1996இல் வந்த முதல் 'ரெசிடென்ட் ஈவில்' விளையாடியவர்களுக்குத் தெரியும்: அதில் நாம் விளையாடும் இருவரில் ஜில்லுக்கு எட்டு இடம், கிறிஸுக்கு ஆறு. சேமிக்க வேண்டுமென்றால்கூட டைப்ரைட்டர் ரிப்பன் தேடிக் கொண்டுவர வேண்டும். சிக்னாலிஸ் அந்த ரிப்பன் தொல்லையை விட்டுவிட்டது. பத்திரமான அறைக்குப் போனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சேமிக்கலாம். ஓர் அறையின் பெட்டியில் போட்டது இன்னோர் அறையின் பெட்டியிலும் இருக்கும். அது எப்படி என்று யாரும் கேட்பதில்லை, அந்தக் காலத்திலிருந்தே கேட்டதில்லை. கருணை அதோடு சரி. ஆறு என்றால் ஆறு.

இன்னொரு கடனும் உண்டு. 2002இல் முதல் ரெசிடென்ட் ஈவிலைப் புதுப்பித்து வெளியிட்டபோது, செத்த ஸோம்பியை எரிக்காமல் விட்டால் பிற்பாடு அது இன்னும் வேகமாக எழுந்து வரும் என்று ஒரு விதி வைத்தார்கள். மண்ணெண்ணெயும் லைட்டரும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. சிக்னாலிஸில் அந்த வேலையைத் தெர்மைட் என்ற கடும் சூட்டில் எரியும் பொருள் செய்கிறது. வீழ்ந்த ரெப்ளிகாவின் மேல் ஒன்றைப் போட்டு எரித்தால்தான் அது ஒழிந்தது என்று நம்பலாம். இல்லாவிட்டால் நாம் அந்த வழியாக மறுபடி போகும்போது எழுந்து நின்றாலும் நிற்கும். தெர்மைட் அரிதாகத்தான் கிடைக்கும். அதுவும் பையில் ஓர் இடம் பிடிக்கும். ஆக, எந்த நடைபாதை வழியாக அடிக்கடி போக வேண்டியிருக்கும், எந்த அறைக்குத் திரும்பவே வேண்டியதில்லை என்று வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். தெர்மைட்டை முக்கியமான சந்திப்புகளில் மட்டும் செலவழித்தேன். மற்ற இடங்களில் மெதுவாக நடந்து ஒதுங்கிப் போனேன். ஓடினால் சத்தம் கேட்டுத் திரும்புவார்கள், நடந்தால் பல நேரம் விட்டுவிடுவார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, புதிரும் பயமும் தனித்தனியாக இல்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பது. பல ஹாரர் கேம்களில் கொஞ்ச நேரம் ஓடு, கொஞ்ச நேரம் பூட்டைத் திற என்று இரண்டும் மாறி மாறி வரும். புதிர் வந்ததும் மனம் ஓய்வெடுக்கும். இங்கே புதிருக்கான பொருளைத் தூக்கி வருவதே ஆபத்து. கையில் பூட்டுக்கான பொருள் அதிகமாக இருக்கிறதென்றால் தோட்டா குறைவாக இருக்கிறது என்று பொருள். விடை தெரிந்த பிறகும் நிம்மதி இல்லை, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே.

புதிர்களின் விடையை இங்கே சொல்லப்போவதில்லை. எந்த வகை என்று மட்டும் சொல்கிறேன். ஓர் அறையில் ஒரு துண்டுச் சீட்டு. வேறொரு மாடியில் ஒரு சுவரொட்டி. மூன்றாவது இடத்தில் எண் பூட்டு போட்ட பெட்டகம். மூன்றும் தொடர்புடையவை என்று கேம் வாய் திறந்து சொல்லாது. அம்புக்குறி காட்டாது, மினுக்காது. சீட்டைப் பையில் வைக்கத் தேவையில்லை, படித்த ஆவணங்களெல்லாம் தனியாகச் சேர்ந்துவிடும். ஆனால் சுவரில் பார்த்ததையும் திரையில் ஒரு நொடி வந்து போனதையும் நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்கும் ஒரு கருவி கொடுக்கிறார்கள், பார்ப்பதைப் படமாகப் பதிந்து வைத்துக்கொள்ளும் ஐடெடிக் மாட்யூல். அருமையான கருவிதான். என் அமைப்பில் அதுவும் ஓர் இடம் பிடிக்கும்! நினைவு வைத்திருக்க வேண்டுமென்றால் ஒரு மருந்தை விட்டுவிட்டு வா என்கிறார்கள்.

நான் வேறு வழி பார்த்தேன். தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

அவள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினாள். அவளுடைய தேர்வு ரஃப் நோட்டின் பின்பக்கங்கள் முழுக்க ஷெர்பின்ஸ்கி முகாமின் அறைகள், அம்புகள், ஆறு இலக்க எண்கள், கேள்விக்குறிகள். "அண்ணா, அந்த அறைக்குப் போகாதே, அங்க ஒண்ணும் இல்லை, போன தடவையே பார்த்தாச்சு" என்று அவள் சொல்வாள். நான் போவேன். "நான் சொன்னேன்ல" என்பாள். வால்வுகளைத் திருகி அளவைச் சரிக்கட்டும் புதிர் ஒன்றில் மட்டும் நான் அவளை முந்தினேன், அது என் தினசரிப் பிழைப்பு என்பதால். மற்றபடி பெட்டகம் எல்லாம் அவள் திறந்ததுதான். தனியாக விளையாடும் கேம்தான் இது. ஆனாலும் பக்கத்தில் நோட்டோடு ஒருவர் இருந்தால் இதன் ருசியே வேறு. ஒருவர் பயப்படவும் ஒருவர் யோசிக்கவும் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

இனி ரேடியோ. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்ஸ்டருக்கு ஒரு ரேடியோ மாட்யூல் கிடைக்கும். அதை எப்போது வேண்டுமானாலும் திறந்து அலைவரிசையைத் திருகலாம். பெரும்பாலும் வெறும் இரைச்சல்தான். நடுவில் எங்கோ ஒரு மெல்லிய ஊளை, ஒரு துண்டு இசை, அப்புறம் ஒரு குரல் உணர்ச்சியே இல்லாமல் ஜெர்மன் மொழியில் எண்களை வாசித்துக்கொண்டே போகும். இது கற்பனை இல்லை. பனிப்போர்க் காலத்தில் சிற்றலையில் உண்மையாகவே இப்படிப்பட்ட எண் நிலையங்கள் இயங்கின. ஒற்றர்களுக்கு அனுப்பும் ரகசியச் செய்தியை எண்களாக மாற்றி, யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்று வானொலியிலேயே வாசித்தார்கள். சங்கேதப் புத்தகம் கையில் இருப்பவருக்கு மட்டும் புரியும். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் ஜெர்மன் பெண் குரலில் இப்படி எண்களை ஒலிபரப்பியது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு கேட்டால் முதுகு சில்லென்கிறது. தெரியாமல் கேட்டாலும் கொஞ்சம் சில்லென்கிறது.

சில புதிர்களுக்கு இந்த ரேடியோதான் வழி. எங்கோ எழுதியிருக்கும் அலைவரிசையை நினைவில் வைத்து, சரியான இடத்தில் சரியாகத் திருக வேண்டும். கோலிப்ரி என்ற எதிரி வரும்போது ரேடியோ ஆயுதமாகவே மாறிவிடும். அவள் அருகில் வந்ததும் திரை கலங்கும், காதில் இரைச்சல் ஏறும், சுட்டால் படாது. ரேடியோவைத் திறந்து அவளுடைய அலைவரிசையைப் பிடித்தால்தான் வழி பிறக்கும். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெண் நம் மூளைக்குள் கத்திக்கொண்டிருக்கும்போது நிதானமாக முள்ளைத் திருக வேண்டும். இப்படி ஒரு சண்டையை நான் வேறு எந்த கேமிலும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் ரேடியோ திருகுவது ஒரு கலை. சின்ன வயதில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைப் பிடிப்பதற்காகத் தாத்தா செட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஹெட்போன் போடாமல் விளையாடிய ஒரு ராத்திரி, அந்த கரகர சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து வந்தவள், "என்னடா, ஸ்டேஷன் கிடைக்கலையா?" என்று கேட்டாள். தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் திரையில் செத்துக்கொண்டிருந்தேன்.

தோற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரெட்ரோ என்ற பெயரில் இன்று எத்தனையோ கேம்கள் வருகின்றன. முதல் பிளேஸ்டேஷனில் பரப்புகள் ஆடும், கோடுகள் நடுங்கும். அந்த இயந்திரம் ஆழத்தைச் சரியாகக் கணக்கிட்டுப் படத்தைப் பொருத்தும் திறன் இல்லாதது, அதனால் வந்த குறை. 1999இல் வந்த 'சைலன்ட் ஹில்' ஊர் முழுக்க மூடுபனியைப் போட்டதும், தூரத்தை வரையும் சக்தி இயந்திரத்துக்கு இல்லை என்பதை மறைக்கத்தான். பிறகு அந்தப் பனியே அதன் அடையாளமாகிவிட்டது. இன்றைக்கு வரும் பல கேம்கள் அந்தக் குறைகளை ஃபில்டர் மாதிரி மேலே பூசிக்கொள்கின்றன. சிக்னாலிஸ் அவற்றைவிடக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. முப்பரிமாண உருவங்களை எடுத்துக் குறைந்த தெளிவில் புள்ளிப் படமாக இறக்கி, மேலிருந்து சாய்வாகக் காட்டுகிறது. அறை முழுக்க ஒரே பார்வையில் தெரிகிறது, முகங்கள் தெரிவதில்லை. நிறம் என்று பார்த்தால் சாம்பல், கறுப்பு, அப்புறம் சிவப்பு. சேமிக்கும் திரை சிவப்பு, ஆபத்து சிவப்பு, கொடி சிவப்பு. எது நிம்மதி, எது எச்சரிக்கை என்று கண் குழம்பிப் போகிறது.

இடையிடையே பார்வை, எல்ஸ்டரின் கண்ணாலேயே பார்ப்பது போன்ற முதல் ஆள் கோணத்துக்கு மாறும். அப்போது கட்டுப்பாடு நம் கையில் இருந்தாலும் என்ன நடக்கிறது என்று புரியாது. ஜெர்மன், சீன, ஜப்பானிய எழுத்துகள் திரையில் வெட்டி வெட்டி மறையும். சுவரில் அர்னால்ட் பெக்லின் வரைந்த 'இறந்தோர் தீவு' ஓவியம் வரும். கரிய தண்ணீர், ஒரு படகு, வெள்ளை உடையில் நிற்கும் உருவம், எதிரே பாறைத் தீவு. பெக்லின் 1880 முதல் 1886 வரை அதை ஐந்து வடிவங்களில் வரைந்தார். அதில் ஒன்று இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோயிற்று. ஒரே காட்சியை ஒரு மனிதர் மறுபடி மறுபடி வரைந்தார் என்ற செய்தியை மனதில் வைத்துக்கொண்டு இந்த கேமை விளையாடிப் பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்பது பிற்பகுதியில் விளங்கும்.

ஆவணங்களைப் படிக்கச் சோம்பேறித்தனம் படுகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல. பணிப் பட்டியல், மேலிடத்து அறிவிப்பு, மருத்துவக் குறிப்பு, யாரோ பாதியில் விட்ட நாட்குறிப்பு என்று எல்லாம் ஆங்கிலத்தில் கிடக்கும், அலுவலக நடையில். எனக்கு அதுதான் சுவை. ஒவ்வொரு ரெப்ளிகா மாடலையும் எப்படிப் பராமரிப்பது என்று கையேடுகள் இருக்கின்றன. இந்த மாடலை எதைக் கொடுத்து அமைதியாக வைத்திருக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும், மனநிலை குலைந்தால் என்ன செய்வது என்றெல்லாம். மோட்டாருக்குக் கிரீஸ் அட்டவணை போடுகிற அதே தொனியில், தனிமை தாங்காத ஓர் உயிரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த அடுத்த நிமிடம் அதே மாடல் நடைபாதையில் தள்ளாடி வரும். சுட வேண்டும். சுடுவதற்கு முன் கை ஒரு கணம் நிற்கும், கேம் அதற்காக வயலின் எதுவும் வாசிக்காது.

இசையையும் சொல்ல வேண்டும். சிகாடா சைரன்ஸ், 1000 ஐஸ் என்ற இருவர் செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் இயந்திர முனகல் போலத்தான் இருக்கும். எங்கள் ஷெட்டில் ராத்திரி ஷிஃப்டில் கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பத்திரமான அறைக்குள் நுழைந்ததும் வரும் மெல்லிய இசையைக் கேட்டால் தோள் தானாக இறங்கும். ஹெட்போன் கட்டாயம்.

குறைகளுக்கு வருவோம். குறை இல்லாத கேம் இல்லை, இதில் சற்று அதிகமாகவே உண்டு.

நடை. பெட்டிக்கும் பூட்டுக்கும் இடையில் நடந்து நடந்து, ஒரு கட்டத்தில் பயம் போய்ச் சலிப்பு வந்துவிடும். பாதையைச் சுத்தம் செய்த பிறகு அதே நடைபாதையில் சாவி தூக்கிக்கொண்டு போவதில் பதற்றம் ஏது? ஆறு இடம் என்ற விதியை நான் மேலே புகழ்ந்தேன், அந்தப் புகழ்ச்சியைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் முதல் பாதியில் அது செய்கிற வேலையைப் பிற்பகுதியில் சில இடங்களில் செய்வதில்லை. ஆள் இல்லாத காரிடாரில் அது வெறும் கூலி வேலையாகிவிடுகிறது.

சண்டை. குறி பார்க்கும் முறை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஒரே அறையில் மூன்று நான்கு பேர் நெருங்கும்போது நான் குறிவைத்தவளை விட்டுவிட்டு வேறொருத்தியிடம் தாவும். பழைய கேம்களின் பீரங்கி வண்டி (டேங்க்) ஓட்டுவது போன்ற கட்டுப்பாட்டு முறையும் அமைப்புகளில் இருக்கிறது. ஏக்கப்படுகிறவர்கள் போட்டுப் பார்க்கலாம், நான் பக்கத்தில்கூடப் போகவில்லை. பெரிய எதிரிகளோடு வரும் சண்டைகள் எதுவும் மனதில் நிற்கவில்லை, கோலிப்ரி தந்த புதுமையில் பாதிகூட அவற்றில் இல்லை.

அப்புறம் வரைபடம். முகாமில் அது நல்ல துணை. எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, எது திறந்தது என்று தெளிவாகக் காட்டும். பிற்பாடு ஓரிடம் வரும். அங்கே வரைபடம் வேலை செய்யாது. சதையும் துருவும் கலந்த மாதிரி சுவர்கள், ஒரு கதவில் நுழைந்தால் எதிர்பாராத வேறோர் இடத்தில் வெளியே வரும் அறைகள். தகடுகளைத் தேடிச் சேர்க்க வேண்டிய பகுதி அது. பலர் இந்தப் பகுதியைத்தான் திட்டுகிறார்கள். எனக்கும் தங்கைக்கும் இதுதான் மிகப் பிடித்தது! நோட்டில் இரண்டு பக்கத்தைச் சேர்த்து விரித்து, பென்சிலால் போட்டு, ரப்பரால் அழித்து, மறுபடி போட்டாள். ஒரு கதவு வந்த வழியாகவே திரும்பாது என்பதைக் கண்டுபிடித்தபோது அவள் முகத்தில் இருந்த கோபத்தை வங்கித் தேர்வு வினாத்தாளிடம்கூட நான் பார்த்ததில்லை. நோட்டு எடுக்கப் பிடிக்காதவர்களுக்கு அந்த இடம் நரகமாகத்தான் இருக்கும், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

பெரிய குறை கதை சொல்லும் விதம். ஒரு சரட்டைப் பிடித்துக் கடைசிவரை போய்விடலாம் என்று நினைத்தால் முடியாது. யார் யாருடைய நினைவில் இருக்கிறார்கள், எது முதலில் நடந்தது, எது கனவு என்று கேம் வேண்டுமென்றே கலைத்துப் போடுகிறது. அதன் மையத்தில் இருப்பது ஒரு காதல், ஒரு வாக்குறுதி. அந்த மையம் உறுதியானது, நெஞ்சைத் தொடுகிறது. அதைச் சுற்றிப் போட்டிருக்கும் குறியீடுகளில் சிலவற்றை எடுத்துவிட்டிருக்கலாம். மேற்கோள் மேல் மேற்கோள், ஓவியம் மேல் ஓவியம் என்று அடுக்கும்போது, இரண்டு பேர் பல ஆண்டுகள் தங்களுக்குப் பிடித்ததையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. தங்கை இதை ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது, நான்தான் ஆவணங்களைச் சரியாகப் படிக்கவில்லை என்கிறாள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மொத்தம் சுமார் 10 மணி நேரம் பிடிக்கும், நிதானமாகப் போனால் இன்னும் கூடும். நோய், உடல் சிதைவு, தற்கொலை பற்றிய காட்சிகளும் குறிப்புகளும் இருக்கின்றன. மனது சரியில்லாத நாளில் தொடங்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். முதல் தடவை விளையாடும்போது சண்டையின் கடினத்தைக் குறைத்து வைத்துக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. இந்த கேமின் பலம் அங்கே இல்லை. முக்கியமாக ஒன்று: எல்லாம் முடிந்துபோனது போல ஓர் இடம் வரும், பெயர்ப் பட்டியல்கூட ஓடும். கேமை அழித்துவிடாதீர்கள். முகப்புத் திரைக்குப் போய் மறுபடி உள்ளே நுழையுங்கள். நண்பர் ஒருவர் அங்கேயே நிறுத்திவிட்டு, "என்னப்பா, பாதியிலே முடிச்சுட்டாங்க" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடி வரும்போது வாங்கினால் போதுமா என்று கேட்டால், போதும். முழு விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை. ஓடி ஒளிந்து அலறும் கேம் வேண்டும் என்றால் இதைத் தவிர்த்துவிடுங்கள். பூட்டு, சாவி, துண்டுச் சீட்டு, இரைச்சலுக்குள் ஒரு குரல், இதெல்லாம் பிடிக்குமென்றால் இந்த வகையில் அண்மையில் வந்தவற்றில் இதற்கு மேல் ஒன்றை நான் விளையாடவில்லை.

முடிவுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. கடைசியில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேம் கேட்பதில்லை. எப்படி விளையாடினீர்கள், எவ்வளவு அடிபட்டீர்கள், எத்தனை பேரைக் கொன்றீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்பதையெல்லாம் பின்னால் இருந்து கணக்குப் போட்டு அதுவே ஒரு முடிவைத் தருகிறது. இது தவிர ரகசிய முடிவு ஒன்றும் ஒளிந்திருக்கிறது, அதற்குத் தனிப் புதிர் வேட்டை. எனக்குக் கிடைத்த முடிவைப் பார்த்துவிட்டு, "நீ விளையாடின லட்சணத்துக்கு இதுதான் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள் தங்கை. இப்போது அவள் கையில் எல்ஸ்டர் ஓடுவதே இல்லை, ஒரு தோட்டாகூட வீணாவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுகிறேன். என் கையெழுத்து சரியில்லை என்று புகார்.